நம்மூரில் செய்யும் வண்டி வெளியூரில் ஏன் இரண்டு மடங்கு விலை?

திருவொற்றியூர்_குமார்:

வணக்கம் நண்பர்களே. பல நாளாக மனத்தில் கிடக்கும் கேள்வி, இங்கே கேட்டால் பதில் கிடைக்கும் என்று தோன்றியது.

என் அத்தை மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். 2018 கடைசியில் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வந்தபோது நம்மூரில் எக்ஸ்-ஷோரூம் விலை இரண்டரை லட்சம். அவன் ஊரில் 5,799 டாலர். அப்போது டாலர் சுமார் 72 ரூபாய். கணக்குப் போட்டால் நாலு லட்சத்துப் பதினேழாயிரம் வருகிறது. வண்டி போனதோ சென்னையிலிருந்துதான். கப்பல் கூலி எவ்வளவு இருந்தாலும் ஒரு பைக்குக்கு ஒன்றரை லட்சம் ஆகாது இல்லையா?

அதே சமயம் என்னோடு ஐடிஐ படித்த நண்பன் துபாயில் பெரிய எஸ்யூவி வைத்திருக்கிறான். அவன் கொடுத்த விலையைக் கேட்டுவிட்டு இங்கே விசாரித்தால், நம்மூரில் பல லட்சம் கூடுதல். பைக் அங்கே விலை அதிகம், கார் இங்கே விலை அதிகம். இது எந்தக் கணக்கு?

துபாய்_செல்வா:

கார் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே இறக்குமதித் தீர்வை 5 சதவீதம், வாட் என்ற விற்பனை வரி 5 சதவீதம். அவ்வளவுதான். ஆனால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். அதனால் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற கனவு மட்டும் வேண்டாம்.

ஒரகடம்_கணக்கன்:

நான் வாகன உதிரிபாகத் தொழிலில் செலவுக் கணக்குப் போடும் பிரிவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமார், முதலில் இரண்டு விலையையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். இங்கே எக்ஸ்-ஷோரூம் என்றால் ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது. அமெரிக்காவில் விலைப்பட்டியலில் விற்பனை வரி இருக்காது, பில் போடும்போதுதான் மாநிலம் மேலே சேர்க்கும். 2018-இல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, 3 சதவீத செஸ், மொத்தம் 31. இரண்டரை லட்சத்தை 1.31-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு லட்சத்து 91 ஆயிரம்தான் வரிக்கு முந்தைய விலை. அமெரிக்காவில் பைக்குக்கு இறக்குமதி வரி அன்று மிகச் சொற்பம். ஆக வரியைக் கழித்தால் இடைவெளி குறையும் என்று நினைப்போம், ஆனால் கூடுகிறது. 1.91 லட்சம் எங்கே, 4.17 லட்சம் எங்கே!

அப்படியானால் மிச்சம் எங்கே போகிறது? கப்பல், துறைமுகம், அந்த நாட்டுப் புகை விதிகளுக்கான சோதனை, மூன்று வருட வாரன்டி, உதிரிபாகக் கிடங்கு, மாதத்துக்கு நாலைந்து வண்டி விற்கும் டீலருக்குக் கடை வாடகை கட்டுமளவுக்கு லாபம். நம்மூர் ஷோரூமில் ஒரே வாரத்தில் விற்கும் எண்ணிக்கையை அங்கே ஒரு கடை வருடம் முழுக்க விற்கலாம். இந்தச் செலவெல்லாம் சில வண்டிகளின் தலையில் ஏறும்.

ஆனாலும் இதெல்லாம் சேர்ந்தும் இரண்டு லட்சம் வராது. என் அனுபவத்தில் பெரிய காரணம் வேறு. விலை தொழிற்சாலையில் உட்கார்ந்து செலவைக் கூட்டி முடிவாவதில்லை. அந்த ஊர்க்காரன் வேறு எந்த வண்டியை இதோடு ஒப்பிடுவான் என்று பார்த்து முடிவாகிறது. அமெரிக்காவில் அந்த 650-ஐப் பார்க்க வருபவர் அடுத்து போய்ப் பார்ப்பது ட்ரையம்ஃப் போனவில் வகை. அது அன்று சுமார் ஒன்பது, பத்தாயிரம் டாலர். அதன் எதிரே 5,799 என்றால் மலிவு. இங்கே அதே வண்டியைப் பார்க்க வருபவர் ஏற்கெனவே அதே கம்பெனியின் கிளாசிக் 350 வைத்திருப்பவர். இன்னும் கொஞ்சம் காசு போட்டால் இரண்டு சிலிண்டர் கிடைக்கும் என்ற எட்டும் தூரத்தில் விலை இருந்தால்தான் வாங்குவார். எண்ணிக்கை இங்கே வேண்டும், ஒரு வண்டிக்கான லாபம் அங்கே வேண்டும்.

இது ஒரு கம்பெனியின் கதை அல்ல. 2023-இல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பீடு 400-ஐப் பாருங்கள். பஜாஜ் புனே பக்கம் சாக்கனில் செய்கிறது. இங்கே 2 லட்சத்து 33 ஆயிரம், அமெரிக்காவில் 4,995 டாலர், இங்கிலாந்தில் 4,995 பவுண்டு. டாலருக்கும் பவுண்டுக்கும் மதிப்பு வேறு, எண் மட்டும் ஒன்று. பவுண்டு விலைக்குள் அவர்களின் 20 சதவீத வாட் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செலவைக் கூட்டி வந்த எண் இரண்டு நாட்டிலும் ஒன்றுபோல வருமா? ஐயாயிரத்துக்குக் கீழே என்று அந்தந்த ஊர்க்காரர் காதில் விழ வேண்டும், அதற்கான எண் அது.

ராஜ்தூத்_ரவி:

கணக்கன் சார், எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஏற்றுமதிக்கு நல்ல சரக்கு, நமக்கு மட்டமான சரக்கு என்பதுதானே வழக்கம்? 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற சுவிஃப்ட்டை மோதிச் சோதித்தபோது நட்சத்திரம் பூஜ்யம். ஏர்பேக் இல்லாத வண்டி அது. ஐரோப்பாவில் அதே பெயர் கொண்ட கார் ஏர்பேக்குகளோடு ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்தது. இங்கே மலிவு என்று மார் தட்டிக்கொள்ள என்ன இருக்கிறது?

ஒரகடம்_கணக்கன்:

ரவி சொல்வது சரி, நான் விட்டுவிட்டேன். ஒரே பெயர் என்பதால் ஒரே வண்டி ஆகிவிடாது. கார் விலையை நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது இதை முதலில் பார்க்க வேண்டும். 2019-இல் இங்கே ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமாயிற்று, 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமாயிற்று. அடுத்த வருடம் பிஎஸ்-6 என்ற புகை விதி. ஒவ்வொன்றுக்கும் விலை ஏறியது. அந்த ஏற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதுவரை உயிரைப் பணயம் வைத்துத்தான் நாம் மலிவாக வாங்கிக்கொண்டிருந்தோம். ஆனால் இன்டர்செப்டர் விஷயத்தில் இது பெரிய காரணம் இல்லை. இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இங்கேயும் முதல் நாளிலிருந்தே உண்டு.

துபாய் காருக்கும் ஒரு கணக்கு போட்டுவிடுகிறேன். வரிக்கு முன் 20 லட்சம் என்று ஒரு பெரிய எஸ்யூவியை வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம், ஆக 28 லட்சம். அதற்கு மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்குச் சாலை வரி 20 சதவீதம், அது 5 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 33 லட்சத்து 60 ஆயிரம். சாலை வரி ஜிஎஸ்டியின் மேலும் விழுகிறது என்பதைக் கவனியுங்கள், வரிக்கு மேல் வரி. செல்வா ஊரில் அதே 20 லட்சம் தீர்வையும் வாட்டும் சேர்ந்து 22 லட்சத்து 5 ஆயிரம். நான் போட்ட 33 லட்சத்துக் கணக்கு நம்மூரிலேயே செய்த வண்டிக்கு. முழு வண்டியாக இந்தியாவுக்கு இறக்குமதி செய்தால் சுங்கத் தீர்வை தனி. 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு 2025 பட்ஜெட்டுக்குப் பிறகும் எல்லாம் சேர்த்து 110 சதவீதம்.

தேக்கா_தமிழன்:

நீங்கள் எல்லாரும் வரியைப் பற்றிப் பேசுகிறீர்கள். சிங்கப்பூரில் வண்டியை வாங்கும் உரிமைக்கே தனி விலை. இங்கே வந்த புதிதில் எனக்கு இது புரியவே ஆறு மாதம் ஆனது.

1990-இல் கொண்டுவந்த சிஓஇ என்ற சான்றிதழ். வண்டியைப் பதிவு செய்து பத்து வருடம் ஓட்டுவதற்கான அனுமதி. மாதம் இரண்டு முறை ஏலம். எத்தனை சான்றிதழ் விட வேண்டும் என்று அரசு முடிவு செய்கிறது. பழைய வண்டிகள் எத்தனை பதிவு நீங்குகின்றனவோ அதை ஒட்டித்தான் புதியவை. 2018 பிப்ரவரி முதல் கார், பைக் எண்ணிக்கை வளர்ச்சி பூஜ்யம். 2023 அக்டோபரில் பெரிய கார் சான்றிதழ் மட்டும் ஒன்றரை லட்சம் வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரைத் தொட்டது. கார் அதற்குள் வரவில்லை, வெறும் சான்றிதழ்.

பைக்குக்குக் கணக்குச் சொல்கிறேன். 3,000 வெள்ளிக்கு இறக்குமதியான ஒரு சின்ன பைக். அதற்கு 12 சதவீதக் கலால் 360 வெள்ளி. இரண்டையும் சேர்த்து 9 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 302. கூடுதல் பதிவுக் கட்டணம் 15 சதவீதம், 450. இதுவரை 4,112 வெள்ளி. நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? இப்போது சிஓஇ சேர்க்க வேண்டும். ஒரு 9,000 என்று வைப்போம். 13,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் கடைக்காரரின் லாபம். பைக்கைவிட அதை வைத்திருக்கும் உரிமை மூன்று மடங்கு. பத்து வருடம் முடிந்தால் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பதிவை நீக்க வேண்டும். வண்டி நன்றாக ஓடுகிறது என்பது கணக்கில் வராது.

இதில் என் மனத்தை உறுத்துவது, ஏலத்தில் கார் வாங்குபவர் வேறு, பைக் வாங்குபவர் வேறு. உணவு டெலிவரி செய்பவர், அதிகாலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர், இவர்களுக்கு பைக் சோறு போடும் வண்டி. சாலையில் இடத்தை அடைக்கும் பொருளுக்கு விலை வைப்பது என்றால் பைக் எவ்வளவு இடத்தை அடைக்கிறது? கார்களைக் கட்டுப்படுத்துவதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். இந்தச் சின்னத் தீவில் அது இல்லாவிட்டால் நகரவே முடியாது. பைக்குக்கும் அதே மருந்து தேவையா என்பதுதான் என் கேள்வி.

துபாய்_செல்வா:

பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில் வாங்கி ஓட்டக் கூடாதா?

தேக்கா_தமிழன்:

சிங்கப்பூரில் குடியிருப்பவர் வெளிநாட்டுப் பதிவு வண்டியை இங்கே ஓட்டக் கூடாது. காலையில் பாலத்தைத் தாண்டி வரும் பைக் கூட்டம் ஜோகூரிலேயே குடியிருக்கும் மலேசியர்கள். அதே யமஹா, அதே ஹோண்டா, பாலத்தின் அந்தப் பக்கம் நாலில் ஒரு பங்கு விலைக்கும் கிடைக்கும். சிக்னலில் இரண்டு பைக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

வடமராட்சி:

வணக்கம். எங்கட இலங்கைக் கதையையும் எழுதுகிறேன். தேக்கா அண்ணைக்கு இடம் இல்லாத பிரச்சினை. எங்களுக்கு டொலர் இல்லாத பிரச்சினை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். ஏறத்தாழ ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. பாவித்த வாகனம் வருடத்துக்கு வருடம் விலை குறையும் என்பது உலக வழமை. இங்கே ஏறியது. என் பெரியப்பா 2017-இல் வாங்கிய சின்னக் காரை 2023-இல் விற்றார், வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் அவருக்கு மகிழ்ச்சி இல்லை. அந்தக் காசுக்கு வேறு காரும் கிடைக்காது, ரூபாயும் அந்த மதிப்பில் இல்லை. கொழும்பு வைத்தியசாலைக்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போக அதற்குப் பிறகு வாடகை வான்தான்.

இப்ப திறந்த பிறகும் வரி ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். சுங்கத் தீர்வை 20 சதவீதம், அந்தத் தீர்வையின் மேல் பாதி மேலதிகமாக, பிறகு உற்பத்தி வரி, பிறகு 18 சதவீத வற் (வாட்) வரி. பெரிய கார்களுக்கு ஆடம்பர வரி வேறு. இதில் உற்பத்தி வரி இருக்கிறதே, அதுதான் கனமானது. அது காரின் விலையில் இத்தனை வீதம் என்று வராது. எஞ்சின் சிசி ஒன்றுக்கு இத்தனை ரூபாய். ஜப்பானில் பாவித்த ஒரு சின்னக் காரை நீங்கள் எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அந்த வரி குறையாது. அதனால் சின்னக் கார் வாங்குபவனுக்குக் காரைவிட வரி பெரிது. காசு உள்ளவன் வாங்கும் காரில் அதன் பாரம் அந்த அளவுக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரைக் கொண்டுவரவும் ஏலாது.

அரச உத்தியோகத்தர், வைத்தியர் போன்றோருக்குத் தீர்வை குறைத்த பெர்மிட் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்தப் பெர்மிட்டையே காசுக்குக் கைமாற்றிய காலமும் உண்டு. ஓசூரில் செய்த அப்பாச்சி பைக் பாக்கு நீரிணையைத் தாண்டி வந்தால் இவ்வளவு விலையா என்று குமார் அண்ணை கேட்டால், கடலில் ஒன்றும் நடக்கவில்லை, கரையில்தான் எல்லாம் நடக்கிறது என்பேன்.

திருவொற்றியூர்_குமார்:

அண்ணே, இறக்குமதி நின்றது தெரியும், ஆனால் வீட்டுக்குள் இப்படி வந்து நின்றது தெரியாது. எழுதியதற்கு நன்றி.

கணக்கன் சாரிடம் ஒரு கேள்வி. ஒரு நாட்டில் வரி மிக அதிகம் என்றால், கம்பெனி தன் பங்கைக் குறைத்துக்கொள்ளுமா? அல்லது வரி முழுக்க வாங்குபவர் தலையிலா?

ஹெர்னிங்_தமிழன்:

இதற்கு நான் பதில் சொல்லலாம். டென்மார்க்கில் முப்பது வருடமாக இருக்கிறேன். இங்கே கார் பதிவு வரி மூன்று படியாக வரும், விலையின் முதல் பகுதிக்கு 25 சதவீதம், நடுப்பகுதிக்கு 85, அதற்கு மேல் 150. ஒரு காலத்தில் மேல் படி 180 சதவீதம். வாட் 25 சதவீதம் தனி. என்ஜினில் ஓடும் காருக்குத்தான் இந்தக் கனம், மின்சாரக் காருக்குச் சலுகை உண்டு.

ஆனால் வரியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஐரோப்பாவிலேயே மலிவான கார் விலை நெடுங்காலம் டென்மார்க்கில்தான். ஐரோப்பிய ஆணையம் 2011 வரை நாடுவாரியாகக் கார் விலை அறிக்கை வெளியிட்டது. அதில் டென்மார்க் அடிமட்ட வரிசையில் திரும்பத் திரும்ப வரும். காரணம் எளிது. கம்பெனி ஆயிரம் குரோனர் ஏற்றினால் மேல் படியில் வாங்குபவருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் ஏறும், ஆள் ஓடிப்போவார். அதனால் கம்பெனி தன் விலையை அடக்கி வைக்கிறது. அதாவது குமார், வரியில் ஒரு பங்கைக் கம்பெனியும் சுமக்கிறது. நான் இங்கே வாங்கிய முதல் கார் பன்னிரண்டு வயதானது. எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கு வரும் குடும்பங்களில் அப்போது புதுக் கார் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை.

ஒரகடம்_கணக்கன்:

நல்ல எடுத்துக்காட்டு. இதை நான் சொல்லியிருந்தால் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ரவி சண்டைக்கு வந்திருப்பார்.

ராஜ்தூத்_ரவி:

சண்டை இல்லை சார், ஒரு பழைய கதையைச் சேர்க்கிறேன். வரி விலையை மட்டும் மாற்றுவதில்லை, வண்டியையே மாற்றும்.

1983-இல் அமெரிக்க பைக் கம்பெனி ஹார்லி டேவிட்சன் ஜப்பான் வண்டிகளால் மூழ்கும் நிலைக்கு வந்தது. அமெரிக்க அதிபர் ரீகன் 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளுக்கு ஏற்கெனவே இருந்த 4.4 சதவீதத்தின் மேல் இன்னொரு 45 சதவீதம் போட்டார், ஐந்து வருடத்தில் படிப்படியாகக் குறையும்படி. ஜப்பான்காரர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் 750 சிசி எஞ்சின்களை 700-க்குச் சற்றுக் கீழே சுருக்கி அமெரிக்காவுக்கு மட்டும் அனுப்பினார்கள். ஹோண்டா நைட்ஹாக் 700 அப்படி வந்ததுதான். 1987-இல் ஹார்லியே இனி வரி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அந்த 700 சிசி வண்டிகளை அங்கே இன்னும் சேகரிக்கிறார்கள். எதற்காக அந்த அளவு என்று இளம் வயதுக்காரர்களுக்குத் தெரியாது.

நம்மூரிலும் இதே கதை. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்னக் கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். 2008-இல் வந்த சுவிஃப்ட் டிசையர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. 2012-இல் டிக்கியை வெட்டி 3,995 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தார்கள். ஐந்து மில்லிமீட்டர் மிச்சம்! அழகான வண்டியின் பின்பக்கத்தை வரி வெட்டியது. எனக்கு இன்றும் அந்தப் பழைய டிசையர்தான் பிடிக்கும்.

தேக்கா_தமிழன்:

இங்கேயும் உண்டு. சிஓஇ ஏலத்தில் சின்னக் கார் வகை என்றால் 1,600 சிசிக்குள், 130 குதிரைத்திறனுக்குள் இருக்க வேண்டும். அதற்காகவே திறனைக் குறைத்து இங்கே அனுப்பும் மாடல்கள் இருக்கின்றன. பைக்கில் 2பி வகை ஓட்டுநர் உரிமத்துக்கு 200 சிசி வரம்பு, அதனால் பல்சர் 200-க்கு இங்கே ஒரு ரசிகர் கூட்டம்.

ஒரகடம்_கணக்கன்:

2025 செப்டம்பரில் நம்மூர் பைக்குக்கும் அந்தக் கோடு ஆழமாக விழுந்துவிட்டது. 350 சிசி வரை 28-லிருந்து 18 சதவீதம். அதற்கு மேல் 31-லிருந்து 40. கிளாசிக் 350 எஞ்சின் 349 சிசி, கோட்டுக்கு இந்தப் பக்கம். விலை பதினைந்தாயிரத்துக்கும் மேல் இறங்கியது. குமார் சொன்ன 650 கோட்டுக்கு அந்தப் பக்கம், அது ஏறியது. ஒரே ஊழியர், ஒரே ஆலை வளாகம், ஒரே கம்பெனி. இனி 400 சிசி வண்டி செய்பவர்கள் எல்லாம் இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எஞ்சினை வரைவார்கள்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம். 650 பணக்காரர் வண்டி என்று நினைத்து 40-இல் வைத்தார்கள். ஆனால் உள்ளூரில் எண்ணிக்கை இருந்ததால்தான் அந்த வண்டியை உலக விலைக்குச் செய்ய முடிந்தது. உள்ளூர் விற்பனை சுருங்கினால் ஏற்றுமதி விலையையும் தாக்கும். சென்னை அருகே ஒரகடத்தில், வல்லம் வடகாலில் சின்னச் சின்ன உதிரிபாகம் செய்பவர்கள் அதை முதலில் உணர்வார்கள்.

திருவொற்றியூர்_குமார்:

எல்லாருக்கும் நன்றி. அத்தை மகனுக்கு இந்த இழையை அனுப்பியிருந்தேன். "ஆனால் நான் அதை என் மூன்று வார சம்பளத்தில் வாங்கினேன், நீ வாங்கினால் உனக்கு எத்தனை மாதம்?" என்று கேட்டான். எனக்குப் பதினொரு மாதம். டாலரை ரூபாயாக்கிப் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி, தேக்கா தம்பி. அக்கா பையன் இஞ்சினியராகச் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறான். ஊரில் அப்பாச்சி ஓட்டிய பையன், பைக் இல்லாமல் கை நடுங்குகிறது என்கிறான். பழைய பைக் ஒன்று 4,000 வெள்ளிக்கு வருகிறதாம். வாங்கலாமா?

தேக்கா_தமிழன்:

அண்ணா, வண்டியின் வயதைப் பார்க்க வேண்டாம், சிஓஇ இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று கேட்கச் சொல்லுங்கள். விலையை அந்த மாதங்களால் வகுக்க வேண்டும். இங்கே எல்லாரும் பழைய வண்டியை அப்படித்தான் பேசுவார்கள். இன்சூரன்ஸ், பார்க்கிங் தனி. முதலில் ஊர் உரிமத்தை இங்கே மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர்_குமார்:

கேட்டுவிட்டேன். நாற்பது மாதம் மிச்சமாம். மாதம் 100 வெள்ளி வருகிறது. உரிம விவரத்தை இந்த வாரம் விசாரிக்கிறான்.